புரட்டிப் படுக்கவைக்கும் கைகளுக்கு



படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே குழி விழுந்துவிட்டது என்று கண்டி மஹய்யாவ வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கவனிக்காமல் விட்டாள் என்று ஊர் பேசுமே என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லையாம். அந்தப் பயத்தை முதலில் தூக்கிப் போடுங்கள், மகளே. 'சூப்பர்மேன்' நடிகர் கிறிஸ்டோபர் ரீவுக்குப் பணத்துக்கும் பணிவிடைக்கும் குறைவா? 2004இல் இறப்பதற்கு முன் அவர் வைத்தியம் பார்த்துவந்ததும் தொற்றுப் பிடித்த படுக்கைப் புண்ணுக்குத்தான்.

புண்ணுக்கு 'வக்யூம் மிசின்' வைப்பது நல்லதா என்றும் அந்த வாசகி கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் அர்ஜென்டா, மோரிக்வாஸ் என்ற இருவர் 1997இல் வெளியிட்ட கட்டுரைகளுக்குப் பிறகு உலகமெங்கும் பரவிய முறை இது. செத்துக் கறுத்த சதையை வெட்டி எடுத்த பிறகே வேலை தொடங்கும். குழிக்கு அளவாக ஸ்பொஞ்சைக் கத்தரித்து வைத்து, மேலே ஒட்டுத்தாளை ஒட்டி, அதில் துளை போட்டுக் குழாயைப் பொருத்துவார்கள். மிசினைப் போட்டதும் ஸ்பொஞ்ச் காய்ந்த நெல்லிக்காயாய்ச் சுருங்கும். வழக்கமான இழுப்பு 125 மில்லிமீற்றர் பாதரசம். கசிவு நீர் டப்பாவில் சேரும், வீக்கம் வடியும், அடியில் சிவந்த புதுச்சதை தலைகாட்டும். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை கட்டு மாற்ற வேண்டும். 'உஸ்' என்று சத்தம் கேட்டால் எங்கோ காற்றுப் போகிறது. மலவாசலுக்குப் பக்கத்துப் புண்ணென்றால் இது ஓயாத தலைவலி. எலும்பில் சீழ் பிடித்திருந்தால் அதற்கு மருந்து பார்க்காமல் மிசின் வைக்கக்கூடாது.

ஆனாலும் படுக்கைப் புண்ணுக்குச் சாதாரணக் கட்டைவிட இதுதான் மேல் என்று அடித்துச் சொல்ல ஆய்வுகள் இன்னும் போதவில்லை. நகையை அடகுவைத்து மிசின் தேட முதல், கண்டி பெரியாஸ்பத்திரியில் புண்ணைக் காட்டுங்கள். படியில் தூக்கி இறக்கி ஆட்டோவில் ஏற்றுவது பெரும்பாடுதான், தெரியும்.

மிசின் ஓடினாலும் புண்மேல் பாரம் விழக்கூடாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது புரட்டுவதுதான் வழக்கம். ஆளுக்கு ஆள் இது மாறும். ரப்பர் வளையத்தில் உட்காரவைக்க வேண்டாம், சுற்றியுள்ள சதைக்கு இரத்தம் போகாது. சிவந்த இடத்தைத் தேய்க்கவும் வேண்டாம். நம்மவர்களின் கறுத்த தோலில் அந்தச் சிவப்பே பல நேரம் தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள், சூடும் கெட்டியும் தட்டுப்படும். முட்டை, பருப்பு, நெத்தலி தாராளமாகக் கொடுக்கலாம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு.

இரவில் புரட்டும் முறையை உங்கள் வீட்டில் யார் யார் பங்குபோட்டுக்கொள்கிறீர்கள்? எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை உங்களுக்கே விடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்