ஓவன் இல்லாத வீட்டில் ஒன்றும் இல்லையா?

எங்கள் வீட்டு ஓவன் சென்ற டிசம்பர் 28ஆம் தேதி இரவு உயிரை விட்டது. பையன் குடும்பம் பெங்களூரிலிருந்து வந்து இறங்கி இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. பேத்திக்கு 30ஆம் தேதி எட்டாவது பிறந்தநாள். அதை முடித்துக்கொண்டு 31ஆம் தேதி படித் திருவிழாவையும் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. மருமகள் ஓவனைத் துடைத்து, சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். விளக்கு எரிந்தது, சூடு ஏறவில்லை. நானும் ஒரு முறை தட்டிப் பார்த்தேன். அரசாங்க அலுவலகத்தில் 36 வருஷம் மின்விசிறியைத் தட்டியே ஓட வைத்தவன் நான். இது ஓடவில்லை.

வாங்கிய இடத்துக்குப் போன் செய்தேன். "சார், அந்த மாடலுக்குக் காயில் வர்றதில்லை, எக்ஸ்சேஞ்சில் புதுசு எடுத்துக்குங்க" என்றார்கள். வாங்கி நாலு வருஷம்கூட ஆகவில்லை. அகவிலைப்படி நிலுவை வந்தபோது 8,500 ரூபாய் கொடுத்து வாங்கியது. அதில் மொத்தம் எத்தனை முறை கேக் செய்தோம் என்று எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

மருமகள் நல்ல பெண். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. "அப்போ குழந்தைக்கு இங்கே எதுவுமே பண்ண முடியாதே மாமா" என்றாள். என் மனைவி அப்போது அடுப்படியில் அடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். அன்று இரவு விளக்கை அணைத்த பிறகு கேட்டாள்: "ஏங்க, இத்தனை வருஷமா நான் இந்த வீட்டில் ஒண்ணுமே பண்ணிக் கொடுக்கலையா?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

காலை நடையில் என்னோடு வரும் பழைய அலுவலக நண்பர் ஒருவரிடம் மறுநாள் இதைச் சொன்னேன். அவர் மருமகள் பக்கம் சேர்ந்துகொண்டார். "நம்ம சமையல்ல என்ன இருக்கு? ஒண்ணு ஆவியில் அவிக்கணும், இல்லே எண்ணெயில் போடணும். பேக்கிங் என்ற கலையே நமக்குக் கிடையாது. வெள்ளைக்காரன் வீட்டுக்கு வீடு ஓவன் வைத்து வளர்ந்தவன்" என்றார். முதல் பாதி தவறு. இரண்டாம் பாதி அதைவிடப் பெரிய தவறு.

முதலில் மொழியைப் பாருங்கள். எனக்குப் பள்ளிப் படிப்பு முழுவதும் புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். பிரெஞ்சில் பேக் செய்வதற்குத் தனியாக ஒரு வினைச்சொல்லே இல்லை. 'க்யுய்ர்' என்பார்கள், வேகவைப்பதற்கும் அதே சொல்தான். ரொட்டியாக இருந்தால் 'ஓ ஃபூர்', அதாவது 'அடுப்பறையில்' என்று ஒரு வால் சேர்ப்பார்கள். தமிழிலோ அவிக்கிறோம், வறுக்கிறோம், வாட்டுகிறோம், வதக்குகிறோம், பொரிக்கிறோம், சுண்டக் காய்ச்சுகிறோம், கிளறுகிறோம், சுடுகிறோம். வடை சுட்ட பாட்டியைத் தெரியாத குழந்தை உண்டா? நெருப்பை இத்தனை விதமாகப் பிரித்துப் பெயர் வைத்த சமையலறையில் கலை இல்லை என்று எப்படிச் சொல்வது?

சரி, சொல் இருந்தால் போதுமா, பொருள் வேண்டாமா என்பீர்கள். ஓவனின் ரகசியம் ஒன்றே ஒன்றுதான்: கீழே மட்டும் இல்லாமல் மேலேயும் பக்கத்திலும் சூடு. ஆவியில் வேகும் பண்டம் 100 டிகிரிக்கு மேல் போகாது, அதனால்தான் இட்லி சிவப்பதில்லை. ஏறக்குறைய 140 டிகிரியைத் தாண்டினால்தான் மேல்புறம் நன்றாகச் சிவந்து அந்த வாசனை வரும். அதற்கு மின்சாரப் பெட்டி வேண்டும் என்று யார் சொன்னது? ஆம்பூரிலும் ஆற்காட்டிலும் பிரியாணித் தேக்சாவின் மூடிமேல் கங்கைக் கொட்டித் தம் போடுகிறார்களே, அது என்ன? முஸ்லிம் வீடுகளில் ரவை, முட்டை, நெய் சேர்த்துச் செய்யும் டம்ரூட்டுக்கும் மேலே நெருப்பு, கீழே நெருப்பு. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் தெலுங்குக்காரர். (இந்த ஊரில் அது அதிசயமில்லை. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி வரை திருத்தணி சித்தூர் மாவட்டத்தில்தானே இருந்தது.) அவர் செய்யும் திப்ப ரொட்டியைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். உளுந்து மாவும் அரிசி ரவையும் கலந்து, கனமான இரும்புச் சட்டியில் எண்ணெய் தடவி இரண்டு அங்குல உயரத்துக்கு ஊற்றி மூடிவிடுவார். அரை மணிக்கு மேல் சிறு தீ. அவருடைய அம்மா காலத்தில் மூடிமேல் கங்கு இருக்குமாம். வெளியே பிஸ்கட் போல் மொறுமொறு, உள்ளே பஞ்சு. இது பேக்கிங் இல்லையென்றால் வேறெது பேக்கிங்?

இனி அந்த வெள்ளைக்காரன் கதை. பள்ளிக்கூடப் புத்தகத்தில், பாட்டியம்மா ஒருவர் ஓவனிலிருந்து பழத் தார்த்தை எடுப்பதுபோல் ஒரு படம் இருக்கும். பிரான்சில் வீட்டுக்கு வீடு அப்படித்தான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பைக் கலைத்தவர் எங்கள் பிரெஞ்சு வாத்தியார். அவருடைய கிராமத்தில் அவர் அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் உருளைக்கிழங்கையும் இறைச்சியையும் மண் பாத்திரத்தில் அடுக்கி, ரொட்டிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் பூசைக்குப் போவாராம். திரும்பி வரும்போது வெந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வருவாராம். வீட்டில் ஓவன் கிடையாது. 'பொம் புலாஞ்ஜேர்' என்று பெரிய ஓட்டல்களில் இன்று விலை போட்டு விற்கும் உருளைக்கிழங்குக்கு அர்த்தமே 'ரொட்டிக்காரர் உருளைக்கிழங்கு' என்பதுதான். அதற்கும் முந்தைய காலத்தில் ஊருக்கு ஒரு ஓவன், அதுவும் பிரபுவுக்குச் சொந்தம். 'ஃபூர் பனால்' என்று பெயர். குடியானவன் தன் ரொட்டியை அங்கேதான் சுட வேண்டும், அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டும். அது ஒழிந்ததே 1789 புரட்சிக்குப் பிறகுதான். இன்றும் பிரெஞ்சுக்காரர்கள் ரொட்டியை வீட்டில் சுடுவதில்லை, காலையில் கடைக்குப் போய் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறார்கள்.

புதுச்சேரியிலும் அதே கதைதான். எங்கள் எதிர்வீட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இருந்தது. டிசம்பர் பிறந்தால் விவிக்கம் கேக்குக்குப் பழம் ஊறப் போடுவார்கள். ரவை, வெண்ணெய், முட்டை, ரம்மில் ஊறிய பழம், ஆரஞ்சுத் தோல். கலவையைத் தகர டின்களில் ஊற்றி, பேர் எழுதிய காகிதத்தை ஒட்டி, தெருப் பையன்களிடம் கொடுத்து பேக்கரிக்கு அனுப்புவார்கள். அன்றைய ரொட்டி வேலை முடிந்த பிறகு, விறகு அடுப்பு தணியும் சூட்டில் எல்லார் வீட்டு டின்னும் உள்ளே போகும். டின்னுக்கு இவ்வளவு என்று கூலி. நானும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். தூக்கிய கூலி ஒரு துண்டு கேக். அசைவம், ரம் என்றெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது, வீட்டிலும் சொல்லவில்லை. முட்டையைப் பாலில் கலந்து செய்யும் கேரமல் புட்டிங்கை அதே வீட்டில் இட்லிப் பானையில் வைத்து அவிப்பார்கள். குறை ஒன்றும் தெரிந்ததில்லை.

ஆகவே நண்பரே, ஓவன் என்பது வீட்டுப் பொருளாக இருந்ததே இல்லை. அது தெருவின் பொருள். வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்பது கடைக்காரர்கள் பிற்பாடு கற்றுக்கொடுத்த பாடம். அதிலும் ஒரு வேடிக்கை, நம் ஊரில் பாதிப் பேர் ஓவன் என்று வாங்குவது வெறும் மைக்ரோவேவ். அது உணவில் உள்ள நீரைச் சூடாக்கும், அவ்வளவுதான். கேக் வைத்தால் வெளுத்த ரப்பராக வரும். அப்புறம் அது ஆறிய சாம்பாரைச் சுட வைக்கும் பெட்டியாகிவிடும்.

மின்சாரச் செலவு என்று நான் பயமுறுத்த மாட்டேன். 1,500 வாட் ஓவன் ஒரு மணி நேரம் ஓடினாலும் ஒன்றரை யூனிட்தான். ஆனால் கோடையில் வானிலை அறிக்கையைப் பாருங்கள். சதமடித்த ஊர்களின் பட்டியலில் வேலூருக்குப் பக்கத்தில் திருத்தணி பெயர் இருக்கும். எட்டுக்குப் பத்து அடி சமையலறையில் இன்னொரு உலையை எவன் வைப்பான்?

ஓவனுக்கு ஆதரவாக ஒரே ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் சமைப்பவர் உட்காரலாம். அதிரசமும் முறுக்கும் அப்படியில்லை, கடைசி ஈடு எடுக்கும் வரை சட்டிமுன் நிற்க வேண்டும். என் மனைவி 47 தீபாவளி நின்றிருக்கிறாள். நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டு, "கொஞ்சம் சிவக்க எடு" என்று குரல் கொடுத்திருக்கிறேன். மின்சாரப் பெட்டி வாங்கினால் அந்தப் பாவம் கழியும் என்று நினைத்துத்தான் 8,500 ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். கழியவில்லை. நான் எழுந்து அடுப்படிக்குப் போயிருக்க வேண்டும், அதற்கு ஒரு பைசா செலவில்லை.

29ஆம் தேதி போனேன். பரணிலிருந்து கனமான பழைய தேக்சாவை இறக்கினேன். ஆற்று மணல் இப்போது கிடைக்காது, கிடைத்தாலும் தங்க விலை. எனவே ஒரு கிலோ கல் உப்பை அடியில் பரப்பினோம். அதன்மேல் குக்கரின் ஓட்டைத் தட்டு. மூடிப் பத்து நிமிஷம் காய வைத்தோம். இரண்டு டம்ளர் ரவை, ஒரு டம்ளர் சர்க்கரை, ஒரு டம்ளர் தயிர், ஒரு டம்ளர் பால், அரை டம்ளர் நெய் சேர்த்து மனைவி முன்பே ஊற வைத்திருந்தாள். கடைசியில் ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடரும் கால் ஸ்பூன் சோடா உப்பும் ஏலக்காயும் முந்திரியும் திராட்சையும். நெய் தடவிய டின்னில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. தேக்சாவை மூடி, மூடிமேல் சூடான தோசைக்கல்லைக் கவிழ்த்தோம். கங்குக்குப் பதில் அது. சிறு தீயில் 50 நிமிஷம். நான் முக்காலி போட்டு உட்கார்ந்து, கல் ஆற ஆறக் காய்ச்சி வைத்தேன். மனைவி ஹாலில் உட்கார்ந்து டி.வி. பார்த்தாள். குக்கரில் இதைச் செய்பவர்கள் உண்டு. தண்ணீரில்லாமல் காய்ச்சக் குக்கர் செய்தது அல்ல, நான் சொல்ல மாட்டேன்.

முதல் ஈடு அடி பிடித்துவிட்டது. தீ கூடிவிட்டது, தவறு என்னுடையது. கருகியதைச் சுரண்டிவிட்டு மாலை டிபனுக்கு நாங்களே தின்றோம். மறுநாள் செய்தது நன்றாக வந்தது. மேலே கடை கேக் மாதிரி சிவக்கவில்லை என்று மருமகள் சொன்னாள், உண்மைதான். தோசைக்கல்லில் ஒரு நிமிஷம் கவிழ்த்துப் போட்டதும் அந்தக் குறையும் தீர்ந்தது. பேத்தி கேக்கை இரண்டு துண்டு தின்றாள், திப்ப ரொட்டியை மூன்று துண்டு தின்றாள். அது பக்கத்து வீட்டு அம்மாள் பிறந்தநாளுக்கென்று கொடுத்தனுப்பியது.

31ஆம் தேதி இரவு, 365 படிகளிலும் படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டு கூட்டம் ஏறியது. வெள்ளைக்கார துரைகளுக்கு ஜனவரி 1 அன்று போய்ச் சலாம் போட்ட காலத்தில், முதல் சலாம் முருகனுக்கே என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கியது அந்தத் திருவிழா என்று சொல்வார்கள். பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது பேத்தி பையிலிருந்து மிச்ச கேக்கை எடுத்துக் கொடுத்தாள். "பாட்டி, ஊருக்குப் போறப்ப உப்புக் கேக் இன்னொண்ணு" என்றாள். உப்பு அடியில்தான் இருந்தது என்று எத்தனை சொல்லியும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

பழைய சாமான் வாங்குபவர் பொங்கலுக்கு முன் வந்தார். ஓவனுக்கு 250 ரூபாய் தருவதாகச் சொன்னார். நான் சரி என்றேன். மனைவி வேண்டாம் என்றுவிட்டாள். கதவு இறுக்கமாக மூடுகிறதாம். மழைக்காலத்தில் அப்பளமும் வடகமும் நமுத்துப்போகாமல் இருக்க அதைவிட நல்ல பெட்டி கிடைக்காதாம்.