அறுநூறு ரூபாயில் யார் சோம்பேறி ஆவார்?

வேலையில்லாத பிள்ளைகளுக்கு அரசு காசு கொடுத்தால் உடம்பு வளைந்து உழைக்க மாட்டார்கள் என்று டீக்கடையிலும் சொல்கிறார்கள், தொலைக்காட்சி விவாதத்திலும் சொல்கிறார்கள். அந்தக் காசு எவ்வளவு என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். பிளஸ் டூ தேறியவருக்கு 400, பத்தாம் வகுப்பு தேறியவருக்கு 300, தவறியவருக்கு 200. மாற்றுத்திறனாளிகளுக்குச் சற்றுக் கூடுதல். மற்றவர்களுக்கு மூன்றே ஆண்டுகளில் நின்றுவிடும். அதுவும் படிப்பு முடிந்த கையோடு கிடைக்காது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, பதிவைப் புதுப்பித்துக்கொண்டே ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பொறியியல் முதலான தொழிற்படிப்பு முடித்தவருக்குக் கிடையவே கிடையாது.

21 வயதில் பதிந்த பி.ஏ. பட்டதாரிப் பெண்ணுக்கு முதல் தவணை வரும்போது வயது 26. நாளுக்கு 20 ரூபாய். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ஒரு நேர்காணலுக்குப் பேருந்தில் போய்வர அந்த மாதத் தொகை முழுவதும் கொடுத்தாலும் போதாது. ஜெராக்ஸ், போட்டோ, விண்ணப்பக் கட்டணம், தங்கும் செலவு எல்லாம் அதற்கு மேல். வேலை தேடுவதற்கே பணம் வேண்டும். அது இல்லாத வீட்டுப் பிள்ளை, ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் வேலைக்குப் போய்விடுகிறது. இரவு வீடு திரும்பிய பிறகு எந்தத் தேர்வுக்குப் படிக்கும்?

உழைக்க மனமில்லாத தலைமுறை என்கிறார்கள். 2022 குரூப் 4 தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். அரசு வேலைக்கே ஏன் அலைகிறார்கள் என்று அடுத்த கேள்வி வரும். 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது 1959ஆம் ஆண்டுச் சட்டம். அங்கிருந்து ஆள் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதும் அதே சட்டத்தில்தான் இருந்தது. ஆக, ஐந்தாண்டு காத்திருப்பவருக்கு அந்தப் பதிவு எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

காசு கையில் இருந்தால் வேலைக்குப் போக மாட்டார்கள் என்பதைப் பின்லாந்து சோதித்தே பார்த்தது. 2017, 2018 ஆண்டுகளில் வேலையற்ற 2,000 பேருக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் மாதம் 560 யூரோ கொடுத்தார்கள். அவர்கள் வேலை பார்த்த நாட்கள் குறையவில்லை. கொஞ்சம் கூடவே செய்தன.

உதவித்தொகைக்கான ஐந்தாண்டு நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு நீக்க வேண்டும். படிப்பு முடிந்த முதல் ஆண்டிலேயே, தேடுவதற்கான செலவுக்காவது காணும் அளவில் தொகை வர வேண்டும். பொறியியல் பட்டதாரியையும் சேர்க்க வேண்டும். உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது இதைக் கேளுங்கள்.