தெளிந்த நீரும் தூய நீரும்

யட்டியாந்தோட்டைப் பகுதியில் வாழும் நமக்கு நீராடுதல் என்றதும் பீலியே நினைவுக்கு வரும். மலையிடுக்கில் ஊறிய நீர் தலைமீது விழுகின்றது. அழுக்கையும் வியர்வையையும் ஏந்திக்கொண்டு கானில் இறங்கி ஓடிவிடுகின்றது. ஒருமுறை நம்மேற் பட்ட நீர் மறுமுறை நம்மிடம் வருவதில்லை. (மேலே தேயிலைக்குத் தெளிக்கும் மருந்துகள் அந்நீரிற் கலப்பது வேறு கதை, அதனைப் பிறிதொரு வாரம் பேசுவோம்.)

திருக்கோணமலையை அடுத்த கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குச் சுற்றுலாச் சென்ற மாணவர்களும் இதனையே வேறொரு வகையிற் கண்டிருப்பர். சிறிய சதுரக் கிணறுகள் ஏழு. ஒவ்வொன்றிலும் வெப்பம் சற்றே வேறுபடும். தன் தாய்க்கு இறுதிக்கடன் ஆற்றிய இராவணனோடு அவற்றைத் தொடர்புபடுத்தும் கதையை ஈழத்துச் சைவர் நன்கறிவர். எத்தனையோ பேர் நீராடியும் கிணற்றின் அடித்தளம் கண்ணுக்குத் தெரிகின்றது. எவரும் கிணற்றினுள் இறங்குவதில்லை. வாளியால் மொண்டு வெளியே நின்று ஊற்றிக்கொள்கின்றனர். மொண்ட அளவுக்குப் புதுநீர் அடியிலிருந்து ஊறி வருகின்றது.

இனி, விடுதிகளிற் காணப்படும் வெந்நீர்த் தொட்டியை எண்ணிப் பாருங்கள். நால்வர் ஐவர் ஒருங்கே அமர்ந்து, காற்றுக் குமிழிகள் உடலை வருட, நெடுநேரம் ஊறிக்கிடக்கும் தொட்டி அது. இங்கே நீர் ஓடிப்போவதில்லை, ஊறி வருவதுமில்லை. அதே நீர் வடிகட்டியினூடே சென்று சூடேறி மீண்டும் அதே தொட்டிக்குத் திரும்புகின்றது. கன்னியாவில் நிலம் செய்யும் வேலையை இங்கே மனிதன் செய்தாக வேண்டும். நம் தோட்டங்களிலிருந்து உள்ளூர் விடுதிகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குச் செல்லும் இளைஞருள் சிலருக்கு அப்பொறுப்பு வந்து சேர்கின்றது. தொட்டி நீர் தெளிவாகத் தெரிந்தால் வேலை முடிந்தது என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதே நமது கவலை.

தெளிவு வேறு, தூய்மை வேறு. கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளிவிக்கும் வழக்கத்தைக் கலித்தொகையே அறியும். மண்ணும் தூசும் அடியிற் படிந்துவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அனைத்தும் அவற்றோடு போய்விடுவதில்லை. வடிகட்டியும் அத்தகையதே.

1999ஆம் ஆண்டு பெப்ரவரியில் நெதர்லாந்து நாட்டின் போவன்கார்ஸ்பெல் என்னும் ஊரில் மலர்க் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கே விற்பனைக்காக வெந்நீர்த் தொட்டியும் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதில் எவரும் குளிக்கவில்லை. ஆதலால் கிருமிநாசினி இடவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை போலும். சூடான நீரில் இலெஜியனெல்லா என்னும் பற்றீரியா பெருகிற்று. குமிழிகள் வெடித்தெழுந்த நுண்துளிகளை, பூப்பார்க்க வந்து அவ்வழியே நடந்தவர்கள் மூச்சோடு உள்ளிழுத்தனர். கடும் நுரையீரல் அழற்சியால் மாண்டோர் தொகை 30க்கும் மேல். தொட்டியில் விரலைக்கூட நனைக்காதவர்கள் அவர்கள்!

இப்பற்றீரியா விரும்பும் வெப்பம் ஏறக்குறைய 25 முதல் 45 பாகை செல்சியஸ் வரை. மனித உடலுக்கு இதமான வெந்நீரும் அந்த எல்லைக்குள்ளேதான் அடங்குகின்றது. ஆகவே வெப்பத்தை நம்பிப் பயனில்லை, மருந்தைத்தான் நம்பவேண்டும்.

வெள்ளம் வடிந்தபின் சுகாதாரப் பரிசோதகர் கிணறுகளுக்கு இடும் குளோரினே இங்கும் கைகொடுக்கின்றது. ஆயின் தண்ணீர்த் தடாகத்தில் நெடுநேரம் நிற்கும் குளோரின், வெந்நீரில் விரைவிற் செலவழிந்துவிடுகின்றது. குமிழிகளோடு பறந்தும் போகின்றது. லீற்றருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையாத குளோரின் எப்போதும் நீரில் இருத்தல் வேண்டும் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தின் அறிவுரை. நீரின் அமில காரத் தன்மையைக் குறிக்கும் பீ.எச். எண் 7க்கும் 7.8க்கும் இடையில் நிற்கவேண்டும். இரசாயனம் பயிலும் மாணவர் இதன் காரணத்தை எளிதில் உணர்வர். கிருமியைக் கொல்லும் ஐப்போகுளோரசு அமிலம் 7.5 அளவில் ஏறக்குறையப் பாதியாக இருக்கும். 8ஐ எட்டும்போது காற்பங்காகக் குறைந்துவிடும். இட்ட மருந்தின் அளவு குறையாதிருந்தும் அதன் வலிமை குன்றிப்போகும்.

குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் நீர் மிகத் தூய்மையானது என்று பலர் நம்புகின்றனர். உண்மை நேர்மாறானது. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கூடிப் பிறக்கும் குளோரமைன்களே அந்த நெடிக்கும் கண்ணெரிச்சலுக்கும் காரணம். அழுக்கோடு போராடியே மருந்து தீர்ந்துகொண்டிருக்கின்றது என்பதற்கு அது அடையாளம். ஆகவே தொட்டியில் இறங்குமுன் சவர்க்காரமிட்டு உடலைக் கழுவுதல் இன்றியமையாதது. தலையில் எண்ணெய் வைத்தபடியே இறங்கும் நம்மவர்க்கு இதனைச் சற்று அழுத்தியே சொல்லவேண்டியிருக்கின்றது.

நீர் கலங்கினால் முதலிற் பார்க்கவேண்டியது வடிகட்டியை. அதைக் கழுவியும் தெளியாவிடின் நீரை மாற்றிவிடுவதே நன்று. மேன்மேலும் மருந்து கொட்டுவது வீண். 1,500 லீற்றர் கொள்ளும் தொட்டியில் நாள்தோறும் நால்வர் குளித்தால் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை நீரை முற்றாக மாற்றவேண்டி வரும். மாற்றும்போது தொட்டியின் சுவரையும் குழாயினுட்புறத்தையும் தடவிப் பாருங்கள். வழவழப்பான படலம் கையில் ஒட்டினால், கிருமிகள் அங்கேதான் குடியிருக்கின்றன. தேய்த்துக் கழுவாமற் புதுநீர் நிரப்புவதில் பயனில்லை.

குடும்பத்தோடு விடுதிக்குச் செல்லும் வாசகர், நீரைக் கடைசியாகச் சோதித்தது எப்போது என்று பணியாளரிடம் கேட்கத் தயங்கவேண்டாம். ஒழுங்காக நடத்தப்படும் இடத்தில் அதற்கெனக் குறிப்பேடு ஒன்று இருக்கும். நீர் 40 பாகைக்கு மேற் சூடாக இருத்தலாகாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அதில் இறக்கவே கூடாது. கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேட்டபின்னரே இறங்கலாம்.