அழித்தால் சுத்தமாகிவிடாது

"இரட்டைப் பதிவா? பழையதை அழித்துவிடுங்கள், பட்டியல் சுத்தமாகிவிடும்." கணினி நிர்வாகிகளுக்கான பயிற்சிகளில் ஆண்டுக்கணக்கில் ஓதப்படும் வாசகம் இது. மேலாண்மை மென்பொருளில் ஒரே கணினி இரண்டு வரிகளாகத் தெரிகிறதா, கடைசியாகத் தொடர்புகொண்ட தேதியைப் பார், பின்தங்கியதை நீக்கு. ஐந்து நிமிட வேலை என்கிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் எதை இழக்கிறோம் என்று மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை.

பெயர் ஒன்றானால் கணினியும் ஒன்று என்ற அனுமானத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. மென்பொருள் கணினியை அறிவது பெயரால் அல்ல, தான் கொடுத்த அடையாள எண்ணால். தேதி பொய் சொல்லாது என்பதும் அரைகுறையான நம்பிக்கையே. மைக்ரோசாஃப்டின் என்ட்ரா ஐடி காட்டும் கடைசிச் செயல்பாட்டு நேரமே தோராயமானது. உண்மை நிலையைவிட அது பல நாள் பின்தங்கியிருக்கலாம். மகப்பேறு விடுப்பில் போனவரின் லேப்டாப் மூன்று மாதம் அணைந்து கிடந்தால் அது செத்த கணினி ஆகிவிடுமா?

"தவறாக அழித்தால்தான் என்ன, கணினி மறுபடி இணையும்போது பதிவும் வந்துவிடும்" என்ற தைரியம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. வருவது வெற்றுப் பதிவு. பழைய பதிவோடு சேர்த்து வைத்திருந்தவை வருவதில்லை. அவற்றில் முதன்மையானது பிட்லாக்கரின் மீட்புச் சாவி, வட்டின் பூட்டைத் திறக்கும் 48 இலக்க எண். என்ட்ரா ஐடியில் அது சாதனப் பதிவோடு இணைந்திருக்கிறது. அலுவலகத்துக்குள் இயங்கும் ஆக்டிவ் டைரக்டரியிலோ அது கணினிக் கணக்கின் கீழேயே தொங்குகிறது. கணக்கை அழித்தால் அதுவும் போகும். விண்டோஸை மறுபடி நிறுவாமல், ஒரு கணினியின் இணைப்பை மட்டும் துண்டித்து என்ட்ராவில் திரும்பச் சேர்த்தால் புதிய பதிவு ஒன்று பிறக்கும். வட்டு அதேதான், சாவியும் அதேதான்; ஆனால் யாரேனும் மறுபடி பதிவேற்றாவிட்டால் அந்தச் சாவி பழைய பதிவிலேயே கிடக்கும். "பழையதை அழி" என்ற உபதேசம் குறிவைப்பது சரியாக அந்தப் பதிவைத்தான். 2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்று, மைக்ரோசாஃப்டின் கணிப்புப்படி, 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் பாதித்தது. சேஃப் மோடில் நுழைந்து ஒரே ஒரு கோப்பை நீக்கினால் பல கணினிகள் எழுந்துவிடும் நிலை. ஆனால் பிட்லாக்கர் பூட்டிய கணினிகள் உள்ளே விடுமுன் மீட்புச் சாவியைக் கேட்டன. சாவியை எடுக்க முடியாதவருக்கு அந்த எளிய வைத்தியம் எட்டாக்கனி. சாதாரண நாளில் யாரும் தேடாத பதிவு அன்று எவ்வளவு விலை பெறும் என்பதைப் பட்டியலைப் பார்த்தா முடிவு செய்ய முடியும்? ஒரு சாதனத்தை முதலில் முடக்கி வை, சில காலம் கழித்து அழி என்று மைக்ரோசாஃப்டின் வழிகாட்டியே சொல்கிறது. பயிற்சிகளில் நழுவிப்போவது இந்த வரிதான்.

தானியங்கி விதி பார்த்துக்கொள்ளும் என்பதற்கு ஒரு வரி போதும்: மைக்ரோசாஃப்டின் சாதன மேலாண்மைச் சேவையான இன்ட்யூனின் துப்புரவு விதி பதிவைத் தன் பட்டியலிலிருந்து விலக்குகிறதே தவிர என்ட்ராவில் உள்ளதைத் தொடுவதில்லை, தன் சாதனச் சான்றிதழ் காலாவதியாகுமுன் கணினி தொடர்புகொண்டால் பதிவு மறுபடி முளைக்கும்.

இந்த உபதேசம் கண்ணில் படும் இரட்டையை மட்டுமே பிரச்சினையாகக் கருதுகிறது. நேர் எதிரான கோளாறும் உண்டு: இரண்டு கணினிகள், ஒரே பதிவு. மைக்ரோசாஃப்டின் மேலாண்மை மென்பொருளான கான்ஃபிகரேஷன் மேனேஜர் கணினிக்குத் தரும் அடையாளம் விண்டோஸ் கோப்புறையில் உள்ள எஸ்எம்எஸ்சிஎஃப்ஜி.ஐஎன்ஐ என்ற கோப்பில் இருக்கிறது. அதையும் சான்றிதழ்களையும் நீக்காமல் இமேஜ் எடுத்துப் பரப்பினால் கணினிகள் ஒரே அடையாளத்துக்கு அடித்துக்கொள்ளும். விண்டோஸ் புதுப்பிப்புகளை வழங்கும் டபிள்யூஎஸ்யூஎஸ்ஸிலும் அப்படியே: க்ளோன் செய்த கணினிகள் ஒரே வரியில் மாறி மாறித் தலைகாட்டும், பேட்ச் போடாத கணினி, போட்ட கணினியின் பின்னே ஒளிந்துகொள்ளும். ஒரே யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரை மாற்றி மாற்றிச் செருகி லேப்டாப்களை நிறுவும் இடங்களிலும் இதே குழப்பம்தான். அதற்காகவே கான்ஃபிகரேஷன் மேனேஜரின் 1610 பதிப்பில், அடையாளமாகக் கொள்ளக்கூடாத வன்பொருள் எண்களைக் குறித்துவைக்கும் வசதி வந்தது. இவற்றில் எதை அழித்துச் சரிசெய்வது? காரணம் இமேஜிலும் அடாப்டரிலும் இருக்கும்வரை கோளாறு நாளையும் வரும்.

"இரட்டைப் பதிவு இருந்தால் அறிக்கை பொய்யாகிறது, உரிமக் கணக்கு ஏறுகிறது" என்பார்கள். இருக்கலாம். ஆனால் பேட்ச் ஏறாத வரிகளைத் துடைத்துவிட்டு உயர்த்திய சதவீதமும் பொய்தானே? அந்த வரிகளில் உயிருள்ள கணினி ஒன்று இருந்தால் அது இனி எந்த அறிக்கையிலும் தெரியாது. தணிக்கையாளருக்குப் பட்டியல் அழகாக இருக்கும். அந்தக் கணினிக்குக் காவல் இருக்காது.

நிர்வாகிகளே, நீக்கு பொத்தானில் கை வைக்குமுன் இந்த இரண்டாவது பதிவு எப்படிப் பிறந்தது என்று கேளுங்கள். இரண்டு பதிவுகளிலும் மீட்புச் சாவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சாவி நடப்புப் பதிவில் இல்லையென்றால் முதலில் அதைப் பதிவேற்றுங்கள். பிறகு பழையதை முடக்கிக் காத்திருங்கள்.