ஒரு ‘வேகம்’, இரண்டு பொருள்

ஈஜிபுராவில் நான் குடியிருக்கும் தெருவில் ஒரு தச்சுப் பட்டறை உள்ளது. சென்ற வாரம் அங்கு நின்றிருந்தபோது, ரூட்டரில் பெரிய பிட் ஒன்றைப் பொருத்திக் கொடுத்த ஆசாரி, “வேகத்தைக் குறைச்சுக்கோ தம்பி” என்றார். இளைஞரும் தள்ளும் கையின் வேகத்தைக் குறைத்தார். தேக்குப் பலகையின் ஓரம் கருகிப்போனது. ஆசாரி குறைக்கச் சொன்னது பொறியின் சுழற்சியை!

இதை இளைஞரின் கவனக்குறைவு என்று நான் கருதவில்லை. பிழை சொல்லில் இருந்தது.

கணக்கு எளியது. நிமிடத்துக்கு 24,000 சுழற்சியில் 8 மி.மீ. விட்டமுள்ள பிட்டின் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகத்தில் செல்லும், 40 மி.மீ. பிட்டின் விளிம்போ 50 மீட்டரை எட்டும். வெப்பமும் அதிர்வும் கூடும். ஆகவே பெரிய பிட்டுக்குச் சுழற்சியைக் குறைக்க வேண்டும்.

தள்ளும் வேகம் தீர்மானிப்பது வேறொன்றை: சீவலின் கனத்தை. இரண்டு வெட்டுமுனைகள் கொண்ட பிட் அதே சுழற்சியில் நிமிடத்துக்கு 48,000 முறை வெட்டும். நிமிடத்துக்கு 2.4 மீட்டர் தள்ளினால், ஒரு வெட்டுக்கு 0.05 மி.மீ. நகர்வு. தள்ளுவதைப் பாதியாக்கினால் அது 0.025 மி.மீ. ஆகும். அப்போது முனை வெட்டுவதை விட்டு உரசத் தொடங்கும். சீவலோடு வெளியேற வேண்டிய வெப்பம் மரத்திலேயே தங்கும். மாறாக, சுழற்சியைப் பாதியாக்கியிருந்தால் 0.1 மி.மீ. கிடைத்திருக்கும். ஒரே ஏவலுக்கு நேரெதிரான இரு விளைவுகள்.

இதே நகரின் மல்லேசுவரத்தில் மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது. கணினிவழி மரவேலைப் பொறிகளில் பயிற்சியும் அளிக்கிறது. அத்தகைய பொறியின் திரையில் சுழற்சியும் நகர்வும் தனித்தனி எண்கள். கைப்பொறியைப் பிடித்திருப்பவருக்குத் திரை இல்லை. காதில் விழும் சொல் மட்டுமே உண்டு.

‘ஊட்டு வீதம்’ போன்ற கலைச்சொற்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. பொறியின் இரைச்சலுக்கு நடுவே அவற்றை எவரும் கூவப்போவதில்லை. ‘ஸ்பீடு’, ‘ஃபீடு’ என்பனவோ அந்த இரைச்சலில் ஒன்றுபோலவே ஒலிக்கும். “சுத்தைக் குறை, தள்ளுறதைக் குறைக்காதே” என்றால் போதும். இரண்டும் வழக்கில் உள்ள சொற்களே.

அனுபவத்தில் கை தானே கற்றுக்கொள்ளும் என்பர். உண்மைதான். பொறியின் ஒலி மாறுவதைக் கேட்டே ஆசாரி பிழையை உணர்ந்துவிடுவார். ஆனால் அந்தக் காது வாய்க்கும்வரை கருகும் பலகைகளுக்கான வசையைக் கேட்பவர் கற்றுக்கொள்ளும் இளைஞரே.

கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டுள்ள நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த பட்டியலைத் தொகுக்குமுன் ஒரு பட்டறையில் ஒரு நாள் நின்று, அங்கு எந்த ஏவல் எப்படித் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்பதைக் குறித்து வாருங்கள். சொல் தேவைப்படும் இடம் அதுவே.