பூதத்தைச் சந்தைக்கு அழைப்போம்

வாழப்பாடிப் பக்கம் கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: கதை பாரதம்தான், ஆனால் ராத்திரியை ஓட்டுபவன் கோமாளி. முன்வரிசைக் கிழவிகள் கொட்டாவி விட்டால் பாக்கு விலையை இழுப்பான். மரவள்ளி விலை போகாத வருஷமென்றால் துரியோதனனிடமே முறையிடுவான். சிரிப்பு விழுந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் நிற்பான். அபிமன்யு விடிவதற்குள் சாகத்தான் போகிறான், அவசரமென்ன? 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் கதை நடத்துபவருக்கும் இதே வேலைதான். அங்கே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களே வேடம் கட்டுகிறார்கள், அவ்வளவே. எழுதி வைத்தபடி பூதம் இருக்கும் குகைக்குள்தான் போக வேண்டுமென்று அவர்களைத் தள்ளுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். ஆடுபவர்களுக்குச் சந்தையில் பேரம் பேசத்தான் ஆசையென்றால், பூதத்தைச் சந்தைக்கு வரச்சொல்ல வேண்டியதுதானே?