கலியாண வீடியோ இடையில் உறைகிறதா?

 

அந்நாளில் கசற்றில் பிடித்த கலியாண வீடியோவைக் கணினிக் கோப்பாக மாற்றி வைத்திருப்பீர்கள். இன்று நம்மோடு இல்லாத வாப்பா, காவின் எழுதியபின் துஆ ஓதும் காட்சியைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பி, திரையின் கீழுள்ள கோட்டை இழுக்கிறீர்கள். படம் அப்படியே உறைந்து நிற்கிறது. “கோப்பு பழுதாகிவிட்டது” என்று அழித்து விடாதீர்கள்! பெரும்பாலும் படம் பத்திரமாகவே இருக்கும்.

வீட்டுச் செலவுக் கொப்பியை எண்ணிப் பாருங்கள். முதலாம் திகதி கையிருப்பை முழுமையாக எழுதுகிறீர்கள். பின்னர் அன்றாடச் செலவை மட்டுமே குறிக்கிறீர்கள். 28ஆம் திகதி மிச்சம் எவ்வளவு என்று கேட்டால், முதலாம் திகதியிலிருந்து கணக்குப் பார்த்து வரவேண்டும் அல்லவா?

வீடியோவும் அப்படித்தான். விநாடிக்கு 25 படங்கள் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு 90,000 படங்கள். இடத்தைச் சுருக்குவதற்காக, இடைக்கிடையே ஒரு முழுப்படத்தை வைத்து, மற்றவற்றில் மாறிய பகுதியை மட்டும் பதிகிறார்கள். அந்த முழுப்படமே ‘கீ ஃப்ரேம்’. 250 படங்களுக்கு ஒன்று என்றால் இடைவெளி 10 விநாடி. நீங்கள் நடுவில் தாவும்போது, கணினி முந்திய முழுப்படத்துக்குப் போய் அங்கிருந்து கணக்குப் பார்த்து வருகிறது. அதற்குள் திணறிவிடுகிறது.

இனிச் செய்ய வேண்டியவை:

1. கோப்பு பென் டிரைவிலோ இறுவட்டிலோ இருந்தால் முதலில் கணினியில் பிரதி எடுத்து, அதனை ஓட்டிப் பாருங்கள். சில வேளை இதனாலேயே குறை தீர்ந்துவிடும்.

2. இலவசமாகக் கிடைக்கும் ‘விஎல்சி’யில் திறந்து பாருங்கள். அதில் சரியாக ஓடினால், குறை முன்பு பாவித்த மென்பொருளிலேயே.

3. அதிலும் உறைந்தால் ‘டூல்ஸ்’, ‘பிரிஃபரன்சஸ்’, ‘இன்புட்/கொடெக்ஸ்’ என்று சென்று, ‘ஹார்ட்வெயார் அக்ஸலரேட்டட் டிகோடிங்’ என்பதை ‘டிஸேபிள்’ ஆக்கிச் சேமியுங்கள். விஎல்சியை மூடி மீண்டும் திறவுங்கள்.

4. பழைய ‘ஏவிஐ’ கோப்புகளில், எந்தக் காட்சி எங்கே உள்ளது என்று காட்டும் பொருளடக்கம் உடைந்திருக்கலாம். திருத்தவா என்று விஎல்சி கேட்டால் சம்மதியுங்கள்.

5. எதுவும் பலிக்காவிட்டால் ‘ஷொட்கட்’ என்னும் இலவச மென்பொருளில் பிரதியைத் திறந்து, ‘எக்ஸ்போர்ட்’, ‘அட்வான்ஸ்ட்’, ‘கொடெக்’ என்று சென்று ‘ஜீஓபி’ என்ற இடத்தில் 50 என்று கொடுத்துப் புதிய கோப்பாக எழுதுங்கள். விநாடிக்கு 25 படங்கள் உள்ள வீடியோவில் இனி 2 விநாடிக்கு ஒரு முழுப்படமாவது இருக்கும். கோப்பு சற்றுப் பெருக்கும். ஆனால் தாவுவது இலகுவாகும்.

ஒன்றை மறவாதீர்கள். புதிதாக எழுதும் ஒவ்வொரு தடவையும் படத்தின் தெளிவு சிறிது குறையும். ஆகவே முதற் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். வேறோரிடத்திலும் ஒரு பிரதி வைத்திருங்கள். வாப்பாவின் குரல் நம் பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய அமானிதம். இன்ஷா அல்லாஹ், அவர்களும் தம் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள்.